டிப்போ பஜாருக்கு உயிர் கொடுத்தவர்

ஊருக்கு உயிர் கொடுப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மருத்துவரைச் சொல்லவில்லை, மருத்துவர் முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார். இவருக்கு அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. தெருமுனையில் வந்து நிற்பார், இடது கையைக் குடையின் பிடியில் ஊன்றுவார், வலது கையைக் காற்றில் ஒரு வீச்சு வீசுவார், கண்ணைப் பாதி மூடுவார், "இந்த எடத்துல மட்டும் ஒண்ணு வெச்சோம்னு வைங்க..." என்று ஆரம்பிப்பார். என்ன வைப்பது என்பது அவருக்கே பிறகுதான் தெரியும். நீரூற்றாக இருக்கலாம், யானையாக இருக்கலாம், ஓடாத ரயில் எஞ்சினாக இருக்கலாம், யாருக்கும் புரியாத வளைந்த இரும்பாகவும் இருக்கலாம். வைத்தாக வேண்டும், அவ்வளவுதான். ஆளில்லாத சந்தில் வெற்றுச் சுவரைக் கண்டால் மற்ற ஆண்களுக்கு வேறு எண்ணம் வரும். இவருக்கு ஓவியம் வரும்.

இந்த இனத்துக்கு இரண்டு குறிகள் உண்டு. ஒன்று, வாழ்நாளில் ஒரே ஒரு முறை வெளிநாடு போய் வந்திருப்பார். மகளின் பிரசவத்துக்குப் போனவர் பேரப்பிள்ளையைப் பார்த்தாரோ இல்லையோ, அந்த ஊர்ச் சதுக்கத்தைப் பார்த்திருப்பார். அங்கே கிழவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்ததையும், பால்கனிதோறும் பூந்தொட்டி தொங்கியதையும், ஒரு வெண்கல வாத்தின் தலையைக் குழந்தைகள் தடவியதையும் படம் பிடித்து வந்து, இருப்பிடம் திரும்பிய நாள் முதல் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டுவார். நீங்கள் மருந்து வாங்க அவசரமாய்ப் போய்க்கொண்டிருப்பீர்கள். அது பற்றி வாத்துக்கு என்ன கவலை?

இரண்டாவது குறி, உயிர் கொடுக்கப்படும் அந்த இடத்தில் அவர் குடியிருக்க மாட்டார்.

நீலகிரியில் வளர்ந்த வகைக்குச் செந்தில்நாதன் என்று பெயர். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுவதும் அதிர்ந்து பேசாமல், அதிர்ந்து நடக்காமல் இருந்ததாலோ என்னவோ, ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அதிரத் தொடங்கிவிட்டார். அவர் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மேகவிலாஸ் என்று பெயர். வாசலில் நின்றால் கீழே டிப்போ பஜாரின் தகரக் கூரைகள், அதற்கப்பால் தேயிலைச் சரிவு, அதற்கும் அப்பால் நீல நீலமாய் மலைகள். இதற்கு மலைவாசிகள் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் வியூ. வியூ உள்ள வீட்டுக்கு ஆட்டோ வராது. படி ஏறித்தான் வர வேண்டும். ஏறி வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் செந்தில்நாதன் ஒரு தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, "பாருங்க, ஊர் எப்படிக் கிடக்குது பாருங்க" என்பார்.

ஊர் கிடக்கத்தான் செய்தது. டிப்போ பஜார் ஒரு காலத்தில் விறகு டிப்போவைச் சுற்றி முளைத்த கடைத்தெரு. பஸ் நிறுத்தம் மேல்ரோட்டுக்கு மாறியதும் கடைகள் ஒவ்வொன்றாய் ஷட்டரை இறக்கின. சுப்பண்ணன் டீக்கடை, ஒரு தையற்கடை, ஒரு மீன்கடை, காரணமே இல்லாமல் திறந்திருக்கும் ஒரு பாத்திரக்கடை, இவ்வளவுதான் மிச்சம். சாயங்காலம் விளக்கு வைத்தால் தெருவில் நாய்கள் மட்டும் கூட்டம் போட்டுப் பேசும்.

இப்படிப்பட்ட இடம் கிடைத்தால் உயிர் கொடுப்பவர் சும்மா இருப்பாரா? மறுமலர்ச்சிக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார். தலைவர் அவர். செயலாளர் சுப்பண்ணன், ஏனென்றால் கூட்டம் நடப்பது அவர் கடையில், டீ அவருடையது. மற்ற உறுப்பினர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள். செந்தில்நாதன் எழுந்து நின்று முழங்குவார். "ஒரு கடைத்தெருவுக்கு உயிர் எங்கிருந்து வருது? கடையிலிருந்தா? இல்லை. மேலே குடியிருக்கிற மனுசங்ககிட்ட இருந்து வருது! கீழே கடை, மேலே வீடு! காலையில குக்கர் விசில் சத்தம், மத்தியானம் மீன் பொரிக்கிற வாசம், மாடிக்கு மாடி பேச்சு! சனிக்கிழமைச் சந்தைச் சத்தம் கேட்டு எந்திரிக்கிற சுகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

உணர்ச்சி பொங்கச் சொல்வார். சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் படியேறி மேகவிலாஸுக்குப் போய், காற்றுக்கூட வராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்.

ஆச்சரியம் என்னவென்றால், நடந்துவிட்டது. இந்த இனத்தை நாம் எவ்வளவு கேலி செய்தாலும் பத்தில் ஒரு தடவை இப்படி நடந்து தொலைத்து நம் வாயை அடைத்துவிடும். மனு மேல் மனுவாய்ப் போட்டு, அதிகாரிகளை மாடிப்படி வரை துரத்தி, வெண்கல வாத்தை அவர்களுக்கும் காட்டி, பாழாய்க் கிடந்த டிப்போ இடத்தில் கீழே கடையும் மேலே வீடுமாக ஒரு வரிசைக் கட்டடத்தை எழுப்ப வைத்துவிட்டார். எஸ்டேட் லயத்து ஒற்றை அறைகளில் நெருக்கியடித்து இருந்தவர்கள், வாடகைக்கு அலைந்தவர்கள் எல்லோரும் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தார்கள். கட்டடத்தின் முகப்புக்கு ஒரு விதியும் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர் தலைவரேதான்.

"பஜாரைப் பார்த்த பக்கம் யாரும் துணி காயப் போடக் கூடாது. முகப்பு என்பது ஊரின் முகம். முகத்துல யாராச்சும் ஜட்டியைத் தொங்க விடுவாங்களா?"

மகளின் பிரசவத்துக்கு அவர் போய் வந்த பெல்ஜியத்தில் துணி தொங்கவில்லையாம். பூந்தொட்டிதான் தொங்கிற்றாம்.

"அப்ப துணி எங்கீங்க காயும்?" என்று வீட்டில் அவர் மனைவி உமாராணி கேட்டாள்.

"உள்ளாற காயும்."

"உள்ளாற எப்பிடீங்க காயும்? நம்மூரு மழை மூடாக்குல அடுப்பு மேல போட்டாலே காய மாட்டேங்குது."

"எல்லாத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி உனக்கு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போனார். அடுத்த வேலை கலை.

வீடு கட்டினால் போதுமா? நடுவில் ஒன்று வைக்க வேண்டாமா? கூடலூர்ப் பக்கத்துப் பையன் ஷிஜோவைப் பிடித்தார்கள். கேட், கிரில் அடிக்கும் பட்டறை வைத்திருப்பவன், ஆனால் சிற்பம் படித்தவன். கேட் அடித்துச் சேர்த்த ஏக்கத்தையெல்லாம் ஒரு வரைபடத்தில் இறக்கிக் கொண்டுவந்தான். இரும்பில் ஒரு தேயிலைக் கொழுந்து, இரண்டு ஆள் உயரம். இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. மலையில் இதைவிடப் பொருத்தமாய் எதை வைக்க முடியும்? கூட்டமே கைதட்டியது. செந்தில்நாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுப்பண்ணன் மட்டும் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஏனுங்க தலைவரே, ரெண்டு எலைங்களா?"

"ஆமா. ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதுதானே கொழுந்து?"

"கொழுந்துதானுங்க. எலக்சன் வந்தா என்ன பண்றதுங்க?"

தமிழ்நாட்டில் இரண்டு இலையைச் சேர்த்து வைத்தால் அது தாவரவியல் இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தேர்தல் அறிவித்த அன்றைக்கே அதிகாரிகள் சாக்குப்பையோடு வந்து கொழுந்தை மூடிவிடுவார்கள். சீசன் நேரத்தில் ஊரின் முகத்தில் சாக்கு.

"பின்னாடி ஒரு சூரியனை வெச்சுச் சமன் பண்ணிரலாமே" என்றார் பாத்திரக்கடைக்காரர். அதைச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மழையைப் பார்க்கப் போனார்.

மூன்று இலை வைக்கலாம் என்றார் தலைவர். "மூணாவது எலை முத்தல் எலைங்க, பேக்டரியில கழிச்சிருவாங்க, கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க சிரிப்பாங்க" என்றார் சுப்பண்ணன். ஒரே ஒரு இலை வைக்கலாமா? கட்சி உடைந்தால் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொள்வார்கள், வம்பு. சரி, இலையே வேண்டாம், மொட்டு மட்டும் நிற்கட்டும் என்று முடிவாகப் போகிற சமயத்தில் மூலையில் இருந்து அழகையா இருமினார். அழகையா சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்; வந்து அரை நூற்றாண்டு ஆகியும் அந்தக் கரைச் செய்தியைக் கேட்காமல் காலையில் பல் துலக்க மாட்டார்.

"மொட்டு, அங்க ஒரு கட்சிச் சின்னம் ஐயா. மொட்டுக் கட்சின்னே பேரு. நம்ம சனம் அங்கயும் ஓட்டுப் போடுது. பாத்துக்குங்க."

கடல் தாண்டியும் வம்பு வருமா என்று நீங்கள் கேட்பீர்கள். குழு கேட்கவில்லை. ஒரு குழு பயப்பட ஆரம்பித்துவிட்டால் அதற்கு எல்லை கடல்கூட இல்லை. இலை போயிற்று. மொட்டும் போயிற்று. மிச்சம் நின்றது இரும்புக் கிளைகள்தான்; அடியிலிருந்து நாலாபக்கமும் விரிந்து, நுனி நுனியாய்ப் பிரிந்து, மொட்டையாய், ஏகப்பட்ட கிளைகள்.

"சாரே," என்றான் ஷிஜோ, அழாத குறையாக, "எல இல்லாம எந்து தேயில சாரே?"

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்றால் தலையைச் சொறிந்திருப்போம். உயிர் கொடுப்பவர் சொறிய மாட்டார். அவரிடம் எதற்கும் ஒரு சொல் இருக்கும். செந்தில்நாதன் எழுந்தார், கண்ணைப் பாதி மூடினார். "கவாத்து!" என்றார். "தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டி விட்டா எப்படி நிக்கும்? இப்படித்தான் நிக்கும், வெறும் கொம்பா. எதுக்கு வெட்டறோம்? புதுசாத் துளிர்க்கத்தானே? நம்ம பஜார் கவாத்து வெட்டின செடி! துளிர்க்கப் போகுது! சிற்பத்துக்குப் பேரு கவாத்து!"

மீண்டும் கைதட்டல். இதற்குத்தான் ஒரு தலைவர் வேண்டும் என்பது.

அன்று இரவு நல்ல சாப்பாட்டு மனநிலையில் அவர் உட்கார்ந்திருந்தபோது, சாம்பாரை ஊற்றிக்கொண்டே உமாராணி சொன்னாள்.

"ஏனுங்க, ஊடு கெடைச்சிருச்சுங்க."

"யாருக்கு?"

"நமக்குத்தானுங்க. டிப்போ பஜார்ல. நான் எம்பேர்ல குடுத்திருந்தேன். குலுக்கல்ல விழுந்திருச்சு."

செந்தில்நாதன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "அது மக்களுக்குக் கட்டினது உமா!"

"நான் என்னங்க, மாடா?"

அவர் தண்ணீர் குடித்தார். நிதானமாய் எடுத்துச் சொல்ல முயன்றார். விடியற்காலையிலேயே கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவார்கள், சத்தம். "சத்தம் கேட்டு எந்திரிக்கிறது சுகம்னு சொன்னீங்களே" என்றாள். மீன் நாற்றம் மாடிக்கு ஏறும். "வாசம்னு சொன்னீங்க." பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது முதற்கொண்டு தெரிந்துவிடும். "மாடிக்கு மாடி பேச்சுன்னு சொல்றப்ப உங்க கண்ணுல தண்ணி வந்துச்சுங்க, நான் பார்த்தேன்." அங்கே வியூ இல்லையே உமா, வியூ!

"வியூ எனக்குப் போதுமுங்க" என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருசமா மலையையே பார்த்தாச்சு. அது ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. முழங்காலு போன பொறவு நான் படி எறங்கி எத்தனை நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க? நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்க்கிறப்ப எல்லாம் நான் அடுப்படியில இருந்து கேப்பேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சேன்."

அவருடைய பேச்சை டிப்போ பஜாரில் எத்தனையோ பேர் கேட்டார்கள், கைதட்டினார்கள், டீ குடித்தார்கள். நம்பியவள் ஒருத்திதான். அவளை எதிரில் வைத்துக்கொண்டு அவர் திருதிருவென்று விழித்தார் என்று எழுத எனக்கே பாவமாக இருக்கிறது.

உமாராணி போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. மிக்சியையும் இரண்டு குக்கரையும் ஜமுக்காளத்தையும் ஆள் வைத்து இறக்கி, கைத்தாங்கலாக ஒவ்வொரு படியாய் இறங்கி, "நீங்க வியூ பாருங்க, எப்ப வேணுமோ வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழுவிடம் செந்தில்நாதன், "தலைவர் குடும்பம் முன்மாதிரியா இருக்கணுமில்ல, அதான் முதல்ல உமாவை அனுப்பியிருக்கேன்" என்றார். சொல் இல்லாமல் போகுமா அவரிடம்?

ஆனால் மேகவிலாஸில் சாயங்காலம் நீளமாக இருந்தது. தொலைநோக்கியை எடுத்துக் கீழே பார்த்தார். தையற்கடை வாசலில் ஸ்டூலில் உமாராணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மாலதி ஏதோ சொல்ல, இவள் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். என்ன சொல்லியிருப்பாள் அந்த மாலதி? தொலைநோக்கியில் சத்தம் கேட்காது. அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்கு வலித்தது. அவள் ஒரு தடவையாவது நிமிர்ந்து மேட்டைப் பார்ப்பாள் என்று காத்திருந்தார். அவள் பார்க்கவில்லை. அவளுக்கு நேரமில்லை.

வாரம் ஒரு முறை அழுக்குத் துணிப் பையோடு இறங்கிப் போவார், குழு வேலையாக வந்த மாதிரி. மாடி ஏற மாட்டார். ஏறினால் தோற்றதாக ஆகிவிடுமாம். தெருவில் நின்றபடி பையை நீட்டுவார், அவள் கயிறு விட்டு மேலே இழுத்துக்கொள்வாள். "வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்பாள். "வேலை கிடக்குது" என்பார். சுப்பண்ணன் டீக்கடையில் போய் உட்கார்ந்து, ஒரு வேலையும் இல்லாமல், அந்த ஜன்னலையே பார்ப்பார்.

கவாத்து திறப்பு விழா ஐப்பசியில் வந்து வாய்த்தது. மலை ஐப்பசி எப்படி இருக்கும் என்று கீழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரமாய் மழை, தூறல், மூடாக்கு, மறுபடியும் மழை. துவைத்த துணி கொடியில் கிடந்தே வயதாகும். ஜீன்ஸ் பேண்ட்டிலிருந்து காளான் வாசம் வரும். அடுப்பைச் சுற்றி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கதவுக்கு மேலே, டிவிக்கு மேலே துணியாய்த் தொங்க, வீட்டுக்காரர்கள் குனிந்து குனிந்து நடமாடுவார்கள். இந்த ஊரில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டால் வேறு சட்டம் எதுவும் செல்லாது. வாத்தியார் பாடத்தைப் பாதியில் விடுவார், கேஷியர் ரூபாயை எண்ணும் கையோடு எழுந்திருப்பார், கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவே காணாமல் போவாள். எல்லோரும் ஓடுவது துணி போட. வேலியில், தேயிலைச் செடியில், நிறுத்திய ஜீப்பின் மேல், எது காலியோ அதன் மேல். டிப்போ பஜார் மாடி வீடுகளில் இருந்தவர்களுக்கு வேலி இல்லை, செடி இல்லை. விதிதான் இருந்தது.

விழா நாளன்றும் மூடாக்கு. மேடையில் இருந்தவர்களுக்குக் கூட்டம் தெரியவில்லை, கூட்டத்துக்கு மேடை தெரியவில்லை. இது நல்ல ஏற்பாடு என்று சுப்பண்ணன் சொன்னார். கலெக்டர் அம்மா சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவாத்து நீலத் தார்ப்பாய்க்குள் இருந்தது. செந்தில்நாதன் குரங்குக் குல்லாவைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"மாண்புமிகு... ஒரு கடைத்தெருவுக்கு உயிர் எங்கிருந்து வருது?"

பதில்போல மூடாக்கு விலகியது. சட்டென்று, யாரோ கம்பளியை உருவினாற்போல, மேட்டிலிருந்து கீழ்வரை வெயில் இறங்கியது. தகரக் கூரைகள் பளபளத்தன.

"வெயிலு!" என்று ஒரு குரல்.

நாற்காலிகள் சாய்ந்தன. முன்வரிசை, பின்வரிசை, நாதஸ்வரக்காரர், வரவேற்புக் குழுப் பெண்கள், ரோஜா மாலையைக் கையில் வைத்திருந்த பாத்திரக்கடைக்காரர், எல்லோரும் மாடிப்படிகளில் ஏறி மறைந்தார்கள். மேடையில் கலெக்டரும் தலைவரும் மட்டும் மிஞ்சினார்கள். கலெக்டர் வேறென்ன செய்வார்? கையிலிருந்த கயிற்றை இழுத்தார். தார்ப்பாய் விழுந்தது. இலையும் இல்லாத மொட்டும் இல்லாத இரும்புக் கிளைகள் வெயிலில் ஆவி பறக்க நின்றன, தொட்டால் கதகதப்பாக, நாலாபக்கமும் கை நீட்டியபடி.

மாடிப்படியில் முதலில் இறங்கி வந்தவள் உமாராணி. ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் வாளி. முகப்பைப் பார்த்தாள்; அங்கே போடக் கூடாது. தெருவைப் பார்த்தாள், சேறு. கவாத்தைப் பார்த்தாள். பக்கத்தில் போய் ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தாள். வாளிக்குள் கையை விட்டு, எடுத்து, உதறி, விரித்துப் போட்டாள். அது சாம்பல் நிறத் தெர்மல் பேண்ட். தலைவருடையது.

அப்புறம் யார் நிற்பார்கள்? மாலதி வந்தாள் பிள்ளைகளின் யூனிபாரத்தோடு. மேலே எட்டாதவர்கள் நாற்காலி போட்டார்கள். விழா நாற்காலிகள்தான் சும்மா கிடந்தனவே. பச்சைச் சேலை, மஞ்சள் துண்டு, தொழிற்சாலைக் காக்கி, குழந்தைகளின் ஸ்வெட்டர், அழகையாவின் கட்டம் போட்ட சாரம் என்கிற லுங்கி. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கவாத்தின் நுனி நுனியெல்லாம் நிறைந்து காற்றில் சடசடத்தது. ஷிஜோ தலையில் கை வைத்தான், பிறகு கையை எடுத்துவிட்டுக் குதித்தான். "சாரே! எல வந்நு சாரே! எல வந்நு!"

கலெக்டர் திரும்பினார். "சார், இது...?" என்றார்.

செந்தில்நாதன் வாயைத் திறந்தார். மக்கள் பங்கேற்பு என்ற சொல் நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. அதற்குள் உமாராணி தலையைத் திருப்பாமலே சொன்னாள். "ஏனுங்க, சும்மாதான நிக்கிறீங்க, அந்தக் கிளிப்பு டப்பாவைச் சித்தெ எடுங்க."

எடுத்தார். ஒவ்வொரு கிளிப்பாய் நீட்டினார். அவள் வாங்கி வாங்கிக் குத்தினாள். கலெக்டர் அம்மா மேடையிலிருந்து இறங்கி, தன் ஈரச் சால்வையையும் ஒரு காலிக் கிளையில் போட்டார்.

எவ்வளவு நேரம் வெயில் இருந்திருக்கும்? மலை வெயில், அதற்குக் கணக்கா இருக்கிறது? எல்லோரும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செந்தில்நாதன் மட்டும் பழக்க தோஷத்தில் மேலே பார்த்தார். அருவங்காட்டுப் பக்கத்துச் சரிவில் ஒரு வெள்ளைக் கோடு தலை காட்டியது. மேகவிலாஸ் வாசலில் இருந்து ஆயிரம் தடவை பார்த்த கோடு. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"மழை வருது! துணியெடுங்க! எல்லாரும் வெசையாத் துணியெடுங்க!"

இத்தனை வருஷம் அந்தத் தெருவில் அவர் பேசிய பேச்சுகளில் முழு ஊரும் கேட்டு, அந்தக் கணமே செய்து முடித்தது இது ஒன்றைத்தான். முதல் சொட்டு விழுமுன் கவாத்து மறுபடி மொட்டையாகியிருந்தது. அவருடைய இரண்டு தோளிலும் துணி, கழுத்தைச் சுற்றித் துணி, கையில் வாளி. உமாராணி படியில் முன்னால் ஏறினாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அவரும் பின்னால் ஏறினார். வாசல்படியில் ஒரு கணம் நின்றார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

வீடு சின்னது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடச் சுவர், அவ்வளவுதான் வியூ. கீழே மீன்கடைக்காரர் யாரையோ திட்டினார். பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. "சாம்பாராட்ட இருக்குது" என்றார் செந்தில்நாதன். "பருப்புக் கடைசல்" என்று சுவருக்கு அப்பாலிருந்து மாலதி திருத்தினாள். உமாராணி வாயைப் பொத்தாமல் சிரித்தாள். இந்த முறை அவருக்குச் சத்தம் கேட்டது.

இப்போது மேகவிலாஸைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். விதியை யாரும் நீக்கவில்லை, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் இல்லை. செந்தில்நாதன் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இந்த இனம் திருந்தாது. போன வாரம்கூட மாடிப்படித் திருப்பத்தில் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார். ஆனால் இப்போதெல்லாம் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, பெருக்குவது யார், துடைப்பது யார் என்று தனக்குள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் மீதியைச் சொல்கிறார். பல நேரம் மீதி வருவதே இல்லை.

நல்ல வேடிக்கை மனிதர், இல்லையா? சிரித்தீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஷிஜோவின் இலைகளைக் குழு வெட்டிக்கொண்டிருந்தபோது, "அட, அந்த மூணாவது இலையைக் கொஞ்சம் சுருட்டி விட்டிருந்தால் பிரச்சினையே வந்திருக்காதே" என்று உங்களுக்குள் ஒரு யோசனை ஓடியதே, அது யார்? தெருவுக்கு எதிரே ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு ரயில் ஓவியம், மாடியில் பூந்தொட்டி என்று படிக்கப் படிக்க நீங்கள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனீர்களே, அது? மறுக்க வேண்டாம். வலது கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

டிப்போ பஜாரில் மீன்கடைக்கு நேர் மேலே ஒரு வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எப்போது குடி வருகிறீர்கள்?